திருப்பமுள்ள படிக்கட்டில் ஓட்டக் கம்பளம்: மடிப்பதா, வெட்டுவதா?

2024 பெப்ரவரி 4, வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அண்ணை, எங்கள் வீட்டுப் படிக்கட்டு நேராகப் போகவில்லை. நடுவில் சுவரோடு திரும்புகிறது. திரும்பும் இடத்தில் நின்று மூச்சு வாங்க ஒரு தட்டு இல்லை, படிகளே சாய்ந்து சாய்ந்து திரும்பிவிடும். மேலிருந்து கீழ்வரை நடுவில் ஒரே கம்பளமாக ஓட விட வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். கேட்ட இடமெல்லாம் "திருப்பத்தில் நிற்காது, படிக்கொரு துண்டு ஒட்டு" என்கிறார்கள். உண்மையா? கொங்கிறீற் படி, மேலே டைல்.

2024 பெப்ரவரி 5

நிற்காது என்பது பொய். விசுவமடுவில் அக்கா வீட்டுப் படியில் போன மாதம் நானே போட்டேன், நிற்கிறது. பாதிப் படிக்கட்டுத்தான் முடிந்திருக்கிறது, மேல் பாதி இனித்தான். நான் கம்பளத் தொழிலாளி இல்லை, வயரிங் வேலை செய்கிறவன். அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கவும்.

முதலில் ஒன்று. வன்னியில் காபெட் என்றால் வீதிதான். ஏ9 வீதிக்குப் போட்டது காபெட், உள்வீதிக்குப் போடுவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்வதும் காபெட். "அக்கா வீட்டுக்குக் காபெட் போடுகிறேன்" என்றதும் பக்கத்து வீட்டு அண்ணை, "அப்படியே ஒழுங்கைக்கும் சேர்த்துப் போடச் சொல்லு" என்றார். அதனால் இங்கே கம்பளம் என்றே எழுதுகிறேன்.

அக்கா வீட்டில் பதினான்கு படி. எல்லாம் முதிரை மரம். 2010இல் மீளக்குடியேறியபோது பழைய வீட்டில் ஒரு கதவுநிலைகூட மிஞ்சியிருக்கவில்லை. அதனாலோ என்னவோ, புது வீடு கட்டும்போது படி முதிரையில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதை மூட அவளுக்கு மனமே இல்லை. அம்மா மிளகாய்ச் சுளகோடு மேலே காயப்போடப் போய், ஈரக்காலோடு இறங்கி, நாலு படி சறுக்கிய பிறகுதான் சம்மதித்தாள். அதுவும் இரண்டு கரையிலும் முதிரை தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. படி 3 அடி அகலம், கம்பளம் 27 அங்குலம், கரைக்கு நாலரை அங்குலம் மிஞ்சும். சரி என்றாள்.

இனி முறை. திரும்புகிற படி ஒவ்வொன்றும் வத்தகப்பழத் துண்டு மாதிரி, ஒரு பக்கம் ஒடுக்கம், மற்றப் பக்கம் அகலம். அகலமான பக்கத்துக்குக் கம்பளம் முழு நீளமும் வேண்டும். ஒடுங்கிய பக்கத்தில் அதே நீளம் மிஞ்சிக் கிடக்கும். கம்பளம் பாய் மாதிரி, படுத்த வாக்கில் வளையாது. மிஞ்சுவதை நிமிர்ந்து நிற்கிற பலகையில் சேலைக் கொய்யகம் போல மடித்து அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், கிடுகு வேய்வது போல. மேல்நோக்கி இருந்தால் வீட்டுக்குள் வருகிற செம்மண் புழுதி முழுவதும் அதற்குள்தான் குடியிருக்கும். எந்தத் திருப்பத்தையும் இப்படி முடிக்கலாம்.

2024 பெப்ரவரி 6

எழுத மறந்தது. கம்பளத்துக்கு மயிர் சாய்கிற பக்கம் என்று ஒன்று உண்டு. கையால் தடவிப் பார்த்தால் தெரியும். பூனையின் முதுகைப் போல ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் எதிர்க்கும். வழுவழு என்று போகிற பக்கம் படியில் மேலிருந்து கீழ்நோக்கி இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் மயிர் பிளந்து அடித்துணி பல்லிளிக்கும், தேய்வதும் கெதியாகத் தேயும்.

2024 பெப்ரவரி 11

"மிஞ்சும் மிஞ்சும் என்கிறீர்கள், எவ்வளவு மிஞ்சும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நேற்று கரண்ட் போன நேரத்தில் கணக்குப் பார்த்தேன்.

வயலில் உழவு இயந்திரம் திரும்பும்போது வெளிச் சில்லு உள்சில்லைவிடக் கூட ஓடும். எவ்வளவு கூட என்பது இரண்டு சில்லுக்கும் இடையிலுள்ள அகலத்தையும் எவ்வளவு திரும்புகிறோம் என்பதையும் மட்டும்தான் பொறுத்தது. வரம்போரம் ஒடித்துத் திருப்பினாலும், வயல் முழுக்கச் சுற்றித் திருப்பினாலும் வித்தியாசம் ஒன்றுதான். இது எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை, கயிறு பிடித்து அளந்து பார்த்தேன்.

கம்பளத்துக்கும் அதே சங்கதி. 27 அங்குல அகலம், கால் வட்டத் திருப்பம். 27ஐ 1.57ஆல் பெருக்கினால் 42 அங்குலம் சொச்சம். மூன்றரை அடிக் கம்பளத்தை உள்பக்கத்தில் எங்கேயோ ஒளிக்க வேண்டும்! அக்கா வீட்டுக் கீழ்த்திருப்பத்தில் மூன்று படி. படிக்கு 14 அங்குலம். அதை மடித்தால் பாதி, 7 அங்குலம். நிமிர்பலகையின் உயரமும் 7 அங்குலம். அளவெடுத்துச் செய்தது போல உள்ளே போய்விடுகிறது. படி செய்த ஓடாவியார் இதை யோசித்துச் செய்தாரா என்று கேட்டேன். "கம்பளம் என்ற சொல்லையே நீ சொல்லித்தான் கேள்விப்படுகிறேன்" என்றார்.

2024 பெப்ரவரி 13

மேலுள்ளதில் ஒரு திருத்தம். அக்காவின் மகள் பொறியியல் படிக்கிறாள். வாசித்துவிட்டு, "மாமா, சில்லு வட்டமாகப் போகும். கம்பளம் படிக்குப் படி நேராகத்தான் போகும். 14 என்பது ஆகக் குறைந்த கணக்கு. நீங்கள் வைக்கிற சாய்வைப் பொறுத்துப் பதினைந்தரை வரை போகும்" என்றாள். பதினைந்தரையில் பாதி ஏழே முக்கால். அப்படியென்றால் 7 அங்குலப் பலகைக்குள் எப்படிப் போனது? போகவில்லை. மூன்று படியிலும் மடிப்பின் உள்மூலையில் கொஞ்சம் கொஞ்சம் கட்டர் பிளேட்டால் சீவி எடுத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. என் கைப்பிழை என்று நினைத்துச் சீவியது, கணக்கின் பிழை.

2024 பெப்ரவரி 25

பெப்ரவரி 5ஆம் திகதிக் குறிப்பில் கடைசி வசனத்தை அடித்துவிடவும். எந்தத் திருப்பத்தையும் மடிப்பால் முடிக்கலாம் என்று எழுதிய ஆள் இன்றைக்கு மேல் திருப்பத்தில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து ஒரு மடிப்பும் மடியாமல் எழும்பி வந்திருக்கிறான்.

மேல் திருப்பத்தில் சுவர் நெருக்கம். ஓடாவியார் அங்கே கால் வட்டத்தை இரண்டே படியில் முடித்திருக்கிறார். 42ஐ இரண்டால் பிரித்தால் 21. பாதி பத்தரை. 7 அங்குலப் பலகைக்குள் பத்தரை அங்குல மடிப்பு எப்படிப் போகும்? இரண்டு தரம் மடித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் ஐந்து தட்டுக் கம்பளம் சேர்ந்து, அடைக்கோழி இருப்பது போலப் புடைத்துக்கொண்டு வந்தது. ஒடுங்கிய பக்கத்தில் கால் வைக்க இருப்பதே இரண்டு மூன்று அங்குலம், அதையும் இந்தப் புடைப்பு தின்றுவிட்டது. அம்மாவை வழுக்காமல் காப்பாற்றப் போய்த் தடுக்கி விழுத்துகிற வேலை.

திருப்பத்துக்கு முந்திய பலகையிலும் கொஞ்சம் மடிப்பைப் பகிரலாமே என்று மருமகள் சொன்னாள். பகிரலாம், ஆனால் அப்போது கம்பளம் நேராக இறங்காமல் சரிந்து இறங்கும். இரண்டு கரையிலும் நாலரை அங்குல முதிரை என்று கொடுத்த வாக்கு என்னாவது.

ஆக: மூன்று படியில் திரும்பினால் மடிக்கலாம். இரண்டு படியில் திரும்பினால் வெட்டத்தான் வேண்டும். வவுனியாத் தம்பி, உங்கள் திருப்பத்தில் எத்தனை படி என்று முதலில் எண்ணிச் சொல்லுங்கள்.

2024 மார்ச் 3

ஒரு பிழை தனியாக வராது. மேல் திருப்பத்துக்கென்று தூக்கிய கம்பளத்தைத் திரும்ப விரித்தபோதுதான் கண்டேன், நீளம் காணாது.

கம்பளம் லண்டனிலிருந்து சித்தப்பா பெட்டியில் போட்டு அனுப்பியது. போனில் "எத்தனை படி?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். படிக்கு 18 அங்குலம் என்று பெருக்கி 21 அடி வாங்கிவிட்டார். அவரில் பிழையில்லை. நேர்ப்படிகளை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்டச் சரிதான். மிதிக்கிற பலகை 10, நிமிர்பலகை 7, மூக்கு என்று சொல்கிற முன்விளிம்பைச் சுற்றி வர இன்னும் 2. மொத்தம் 19. அப்படி ஒன்பது நேர்ப்படி. ஆனால் திருப்பப் படியை வெளிக்கரையில் அளக்க வேண்டும். கீழ்த்திருப்பத்தில் ஒவ்வொன்றும் 26 அங்குலம் வரை, மேல் திருப்பத்தில் 35 வரை. கடைசியாக மேல்தளத்தைத் தொடுகிற பலகைக்கு இன்னொரு 8. கூட்டினால் ஏறத்தாழ 27 அடி. ஆறு அடி குறைவு!

படிகளை எண்ணிக் கம்பளம் வாங்க வேண்டாம். அவ்வளவுதான் சொல்லலாம். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

2024 மார்ச் 17

சொல்லிவிட்டேன். "இந்தமுறை வாயால் சொல்லாதே, படம் கீறி அனுப்பு" என்றார்.

கடுதாசி அச்சு எடுத்தேன். இந்த வேலையில் எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பழைய பேப்பரை நாலைந்து தாளாக ஒட்டித் தடிப்பாக்கி, திருப்பப் படியில் விரித்தேன். பின் மூலையில், அதாவது மிதிபலகையும் அடுத்த நிமிர்பலகையும் சந்திக்கிற மடக்கில், நகத்தால் அழுத்திக் கோடு எடுத்தேன். முன்னால் மூக்கைச் சுற்றி வளைத்து அதன் அடிவரை கொண்டுபோய் இன்னொரு கோடு. பிறகு சுவரிலிருந்து நாலரை அங்குலம், நடுத்தூணிலிருந்து நாலரை அங்குலம் குறித்து, அதற்குள் 27 அங்குலப் பட்டி ஒன்றைக் கீறினேன். வெட்டியெடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் கைக்குட்டை, மறுபக்கம் நாலு விரல்.

இரண்டு படியும் ஒரே அளவு என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒன்றின் அச்சை மற்றதில் வைத்தால் முக்கால் அங்குலம் இடிக்கிறது. ஓடாவியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "சுவர் கோணல்" என்றார். மேசனிடம் கேட்டால் "படி கோணல்" என்பார். எனக்கு இருவரோடும் வேலை இருக்கிறது, பேசாமல் இரண்டு அச்சிலும் எண் போட்டேன்.

அச்சில் இன்னொன்றும் தெரிந்தது. மிதிபலகையில் கம்பளம் சாய்வாகக் கிடப்பதால், மூக்கைத் தாண்டியதும் அதே சாய்வில்தான் இறங்கப் பார்க்கும். மேல் திருப்பத்தில் 7 அங்குலம் இறங்குவதற்குள் 3 அங்குலம் பக்கமாக விலகிவிடும். ஆகவே அங்கே மிதிக்கு ஒரு துண்டு, நிமிர்பலகைக்கு ஒரு துண்டு என்று பிரித்தே வெட்ட வேண்டும். மிதித்துண்டு மூக்கைச் சுற்றி அதன் அடியில் முடியும். நிமிர்துண்டு அங்கே தொடங்கி நேராக இறங்கி மடக்குக்குள் போகும். பொருத்து மூக்கின் நிழலில் மறைந்துவிடும்.

இந்த ஆப்புத் துண்டுகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கி வெட்டினால் கம்பளம் மிச்சம் பிடிக்கலாம் என்று எனக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. அச்சுகளைத் தரையில் அடுக்கியும் பார்த்தேன், ஓர் அடிக்கு மேல் மிச்சம். அப்போதுதான் பெப்ரவரி 6இல் நானே எழுதிய பூனை ஞாபகம் வந்தது. ஒரு துண்டு திரும்பினால் மயிரும் திரும்பும். பக்கத்துப் பக்கத்துப் படி ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் தெரியும். கைவிட்டேன். சித்தப்பாவிடம் எட்டு அடி கேட்டேன்.

2024 ஏப்ரல் 7

ஆணி பற்றிக் கேட்டவர்களுக்கு.

கம்பளத்தைப் பிடிப்பது கிரிப்பர் என்கிற ஓரங்குலப் பலகைக் கீலம். அதில் வரிசையாக முள் மாதிரி ஆணி முனைகள் சாய்ந்து நிற்கும். படிக்கு இரண்டு. ஒன்று மிதிபலகையின் பின்பக்கம், ஒன்று நிமிர்பலகையின் அடியில், முள் இரண்டும் மடக்கைப் பார்த்தபடி. மடக்கிலிருந்து கம்பளத் தடிப்பைவிடக் கொஞ்சம் குறைந்த இடைவெளி விட வேண்டும். கம்பளம் அதற்குள் இறுகிப் போய் உட்காரும். கீலம் கம்பளத்தைவிட ஓர் அங்குலமாவது கட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையில் முள் எட்டிப் பார்க்கும். வெறும் காலோடு நடக்கிற வீடு நம்முடையது.

மடக்குக்குள் கம்பளத்தைத் தள்ள அதற்கென்று மழுங்கிய அகல உளி விற்கிறார்கள். நான் மேசனின் உளியை அரத்தால் ராவி மழுக்கி எடுத்தேன். மழுக்காமல் அடித்தால் கம்பளம் அங்கேயே அறுந்துவிடும். ஒரு இடத்தில் அறுந்தது. மூன்றாம் படி, யாருக்கும் காட்டமாட்டேன்.

முதிரையில் ஆணி இறங்காது. முதல் நாள் பதினொரு ஆணி வளைந்தது. ஸ்டேப்பிள் துப்பாக்கியும் தோற்றது, கம்பி மரத்தில் மோதிக் கால் விரிந்து விழுந்தது. ஓடாவியார் சிரித்துவிட்டு, ஆணியைவிட மெல்லிய துளை முதலில் போடு என்றார். படிக்கு இரண்டு கீலம், கீலத்துக்கு ஐந்து ஆணி, பதினான்கு படி. எத்தனை துளை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

டைலில் ஆணியே கூடாது, தம்பி. அடியில் சீமெந்து முழுதாக நிரம்பாத டைல் என்றால் ஒரே அடியில் வெடிக்கும். விரலால் தட்டிப் பாருங்கள், பானை மாதிரிக் கேட்டால் உள்ளே வெறும். ஒன்று டைலுக்கென்ற டிரில் முனையால் மெதுவாகத் துளைத்து, பிளக் போட்டு ஸ்குறூ இறுக்க வேண்டும். அல்லது டைலின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கிவிட்டுக் கட்டடப் பசையால் ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். அன்றைக்கே இழுத்தால் கீலத்தோடு கையில் வரும்.

அடியில் போடுகிற மெத்தை விரிப்பை மிதிபலகைக்கும் மூக்குக்கும் மட்டும் வெட்டிப் போடுங்கள். கீலத்தின் மேல் ஏறக்கூடாது. மிகவும் பஞ்சுபோல் இருக்கிறதை வாங்க வேண்டாம், விளிம்பு எங்கே என்று காலுக்குத் தெரியாமல் போகும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் பூப்போட்ட கம்பளமும் வேண்டாம். பூவுக்குள் படியின் விளிம்பு தொலைந்துவிடும்.

2024 மே 19

விவாதம் தும்புக்குப் போய்விட்டது. "நம்முடைய நாட்டில் தென்னந்தும்பு இருக்க லண்டன் கம்பளம் எதற்கு?" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நியாயம். தும்பு விரிப்பு உழைக்கும், மலிவு, புழுதியைக் கீழே விழுத்தும். ஆனால் அது விறைப்பு. மூக்கைச் சுற்றி வளைக்கவே மல்லுக்கட்ட வேண்டும், திருப்பத்தில் கொய்யகம் என்றால் கதையே இல்லை. வெறும் காலுக்குக் குத்தும். வாசலுக்கு நல்லது, படிக்கு நான் போடமாட்டேன். நேர்ப்படி என்றால் யோசிக்கலாம். சரி, நேர்ப்படி என்றால் நன்றாகவே இருக்கும். முதலில் எழுதியதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

இன்னொருவர் பித்தளைக் கம்பி பற்றிக் கேட்டார். படிக்குப் படி மடக்கில் குறுக்கே கம்பி, இரு முனையிலும் கொளுவி. இப்போது அலங்காரத்துக்குப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் உண்மையில் அதுதான் கம்பளத்தைப் பிடித்தது. கம்பியை உருவிக் கம்பளத்தை எடுத்து வெளியில் போட்டு அடித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். அதிலும் ஒரு சூட்சுமம். ஓர் அடி கூடுதலாக விட்டு மடித்து வைத்திருப்பார்கள், அவ்வப்போது சில அங்குலம் மேலோ கீழோ நகர்த்தி விடுவார்கள். மூக்கில் தேய்ந்த இடம் பலகைக்குப் போய்விடும், தேயாத இடம் மூக்குக்கு வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் நேர்ப்படிக்கு மட்டும். திருப்பத்தில் மடித்தால் மடிப்பு அந்த இடத்துக்கே அளவானது, வெட்டினால் சொல்லவே வேண்டாம். நம் கம்பளம் போட்ட இடத்திலேயே தேய்ந்து சாகும்.

2024 ஜூலை 21

எட்டு அடி வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் அக்கா கேட்டாள், "இது வேறே நிறமல்லோ?" அதே கடை, அதே இலக்கம், அதே பச்சை. ஆனால் சாயம் போட்ட தொகுதி வேறு. பக்கத்தில் வைத்தால் புதியது வேப்பங்கொழுந்து, பழையது வேப்பிலை.

எங்கே மாற்றுவது என்பதுதான் இனிக் கேள்வி. நேர்ப்படியின் நடுவில் மாற்றினால் எல்லோர் கண்ணிலும் படும். மேல் திருப்பத்தில் எப்படியும் வெட்டுகிறோம், அங்கே வெளிச்சமும் வேறு பக்கத்தால் வருகிறது. பழையதில் மிஞ்சியிருந்த ஒன்றே முக்கால் அடியை ஒதுக்கிவிட்டு, மேல் திருப்பத்தின் முதல் படியிலிருந்து புதியதைத் தொடங்கினேன். சொல்லாவிட்டால் தெரியாது. அக்கா வருகிற எல்லோருக்கும் சொல்கிறாள்.

வெட்டிப் போடுவது மடிப்பதைவிட இலகு, இது எனக்கே ஆச்சரியம். அச்சை மயிர் சாய்கிற பக்கம் பார்த்து வைத்து, பின்பக்கத்திலிருந்து வெட்டி, மடக்கில் இரண்டு முனையையும் உளியால் தள்ளினால் முடிந்தது. கரை இரண்டும் தொழிற்சாலையிலேயே கட்டியது, வெட்டுவாய் எல்லாம் மடக்குக்குள்ளோ மூக்கின் அடியிலோ போய்விடுகிறது. கடைசிப் பலகையில் மட்டும் வெட்டுவாய் வெளியில் தெரிந்தது. ரவுணில் தையற்காரர் ஊசி உடையும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அத்தானின் தாயார் சாக்கூசி எடுத்து, நெல்லு மூட்டை தைக்கிற மாதிரி நைலோன் நூலால் கரை கட்டினார். பதினைந்து நிமிடம். முழுப் படிக்கட்டிலும் அதுதான் திருத்தமான வேலை.

2024 டிசெம்பர் 8

நவம்பர் கடைசி மழை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, 2018 டிசெம்பரோடு பார்க்கும்போது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு கிழமையாக வெயிலில்லை, வருகிறவர் போகிறவர் எல்லாம் ஈரக்கால். கீழ் இரண்டு படியில் நனைந்த நாய் மணம்.

கழற்றிப் பார்த்தேன். முள் துருப்பிடித்துப் பச்சையில் கபில நிறக் கறை. அதைவிட, அடிப்படியின் நிமிர்பலகையில் தரையோடு இருந்த கீலத்தில் மண் கோடு. கறையான். தரைக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பால் வந்து, முதிரையைத் தொடாமல், கீலத்தின் மெல்லிய பலகையை நொறுக்குத்தீனி மாதிரித் தின்றிருக்கிறது. கம்பளத்தின் அடித்துணியையும் ஒரு கை பார்த்திருக்கிறது. அடித்துணி சணல்.

இதை ஏப்ரலிலேயே யோசித்திருக்க வேண்டும். வன்னியில் தரையைத் தொடுகிற மரத்துண்டைக் கறையான் விட்டுவைக்கும் என்று எந்த மடையன் நினைப்பான். அடிப்படியில் இப்போது கீலத்துக்குப் பதிலாக அலுமினியச் சட்டம், ஸ்குறூ போட்டது. கம்பளத்தைத் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்தி முடித்துவிட்டேன். படிக்கு முன்னால் ஒரு தும்பு விரிப்பு. மே மாதம் எழுதிய மூன்று பேரும் இப்போது சிரிக்கலாம்.

கொங்கிறீற் படிக்காரர்களுக்கும் இதுதான். மரம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். கீலம் மரம்தான். புதிதாகக் கட்டிய படி என்றால் சீமெந்து நன்றாகக் காயும்வரை பொறுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் மெத்தை விரிப்புக்குள்தான் வரும்.

2025 பெப்ரவரி 2

வவுனியாத் தம்பி தன் படியை முடித்துவிட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய திருப்பத்தில் மூன்று படி. டைலைத் தேய்த்துப் பசையில் ஒட்டி, மூன்றையும் மடித்திருக்கிறார். நேர்த்தியாக இருக்கிறது. ஒரு டைல் மட்டும் போய்விட்டதாம், ஏன் போனது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது மடிப்பின் வாய் மேல்நோக்கி இருக்கிறது, தம்பி. இனிக் கழற்ற வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை அதற்குள் தூரிகை விட்டு எடுங்கள்.

நம் வீட்டில் ஒரு சங்கதி. போன ஞாயிறு படியடியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அம்மா ஏறுவதைப் பார்த்தேன். கம்பளத்தில் மிதிக்கவில்லை. சுவர்ப்பக்கம் மிஞ்சியிருக்கிற அந்த நாலரை அங்குல முதிரையில் பாதத்தைக் குறுக்காக வைத்து, சுவரைத் தடவித் தடவி ஏறுகிறார். மற்றக் கையில் சுளகு.

"அம்மா, ஏன் ஓரத்தால் ஏறுறீங்கள்?"

"நீ இவ்வளவு பாடுபட்டுப் போட்டிருக்கிறாய், கால் ஊத்தையோட மிதிக்கச் சொல்லுறியே?"

கழுவலாம், அதற்குத்தான் போட்டது என்றேன். தலையாட்டினார். இறங்கும்போதும் ஓரத்தால்தான் இறங்கினார்.

சுவர்ப்பக்கம் ஒரு கைபிடிச் சட்டம் போட ஓடாவியாரிடம் சொல்லியிருக்கிறேன். கையில் முதிரை இல்லையாம், தேக்குத்தான் இருக்கிறதாம். அக்காவிடம் கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.